எறையூர்க் கிணறுகளும் கம்ப்ரசர் காற்றும்

எறையூரில் என் மாமனார் வீட்டு வயல் கிணற்றை எட்டிப் பார்த்தால், உள்சுவரில் இரண்டு காலத்து வேலை தெரியும். மேலே மண் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் சுவர் ஒழுங்கில்லாமல், கொத்திக் கொத்தி எடுத்த மாதிரி இருக்கும். அது மாமனாரின் அப்பா காலம், சம்மட்டியும் உளியும். ஏறக்குறைய நாற்பதடிக்குக் கீழே பாறையில் அரைவட்டத் தடங்கள் நேர்நேராக இறங்கும், மூங்கிலை இரண்டாகப் பிளந்து பதித்து எடுத்தது போல. அவை கம்ப்ரசர் வந்த பிறகு போட்ட வெடிக்குழிகளின் மிச்சம். வெடித்தபோது குழியின் ஒரு பாதி கல்லோடு போய்விட்டது, மறுபாதி சுவரிலேயே நின்றுவிட்டது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம். இன்றைக்கு அந்தத் தடங்களைப் பற்றியும், அவற்றைப் போட்ட காற்றைப் பற்றியும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பரில் கொடி மாறியபோது எனக்கு நாலு வயது. கொடி மாறினாலும் பிரெஞ்சுப் படிப்பு உடனே போய்விடவில்லை. பிரெவே வரை அந்த பாஷையில்தான் படித்தேன். ஆகவே இந்த யந்திரம் எனக்கு முதலில் 'கொம்ப்ரெஸர்' என்றுதான் அறிமுகம். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த மோன் செனி சுரங்கத்தைப் பற்றிய பாடம் ஒன்றில் அந்தச் சொல் வந்தது. கடற்கரை ஊர்ப் பையன்களுக்கு மலையே தெரியாது. மலையைக் காற்றால் குடைந்தார்கள் என்றால் எப்படி நம்புவது? மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு சரி. பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதி, அன்றைய திருச்சி ஜில்லாவில் கிளார்க்காகச் சேர்ந்து, எறையூரில் பெண் எடுத்து, மாமனார் கிணற்றடியில் நின்றபோதுதான் அந்தப் பாடம் புரிந்தது. (ஜில்லா அப்புறம் 1995இல் பெரம்பலூர் ஆனது. 2001இல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருஷமே சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் ரப்பர் ஸ்டாம்பு மாற்றிய கைகளில் என் கையும் ஒன்று.)

கம்ப்ரசர் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கொல்லன் உலையின் துருத்திதான் அதன் பாட்டன். துருத்தி காற்றை ஊதிவிடும். கம்ப்ரசர் காற்றை அமுக்கி, டாங்கியில் அடைத்து, வேண்டும்போது கொடுக்கும். சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும், அந்தச் சூடு வீண் செலவு. பஞ்சர் கடையில் இருக்கும் கம்ப்ரசரைக் கவனித்துப் பாருங்கள். பெரிய சிலிண்டர் ஒன்று, சின்ன சிலிண்டர் ஒன்று, நடுவே தகடு தகடாகச் செதில் வைத்த குழாய். பெரியது பாதி அமுக்கும், குழாயில் காற்று ஆறும், சின்னது மீதியை அமுக்கும். இரண்டு தவணையில் கடன் அடைப்பது மாதிரி. இது பிஸ்டன் வகை. கோயம்புத்தூர் எல்ஜி கம்பெனி 1960இல் தொடங்கியது. பெட்ரோல் பங்குகளில் அந்தப் பெயர் எழுதிய டாங்கியைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள்.

டாங்கியின் அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகிக் கீழே தங்கும். அதைத் தினம் திறந்துவிட வேண்டும். விடாவிட்டால் உள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் வெடிக்கும். காருக்கு முப்பது பவுண்டு, லாரிக்கு நூறு பவுண்டுக்கு மேல் என்று அடிக்கிறார்களே, அந்த நூறு பவுண்டும் டாங்கியின் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது.

சரி, கிணற்றுக்கு வருவோம்.

பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடல் கிடந்த நிலம். எறையூரில் தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. வெடிப்பு அகப்பட்டவன் பாக்கியசாலி, அகப்படாதவன் இன்னும் பத்தடி வெட்டுவான். கவலை ஓட்டிய காலத்தில் இரண்டு ஜோடி மாடு எவ்வளவு இறைக்குமோ அவ்வளவு தண்ணீர் போதும். கம்பு, சோளம், கொஞ்சம் மிளகாய். அதற்கு மேல் ஆசைப்பட முடியாது.

பாறையில் வெடிக்குழி போடுவதைத் தமர் போடுவது என்பார்கள். ஒருவன் குத்துக்காலிட்டு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வான். மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். குழியில் சேரும் மாவை நீண்ட கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். இப்படி நாளெல்லாம் அடித்தால் ஒன்றிரண்டு குழி. பிறகு மருந்து கெட்டித்து, திரி வைத்து, ஓடி ஏறி வர வேண்டும். பத்தடி ஆழப்படுத்த ஒரு கோடை போய்விடும்.

1970களின் பிற்பகுதியில் எறையூரில் சர்க்கரை ஆலை வந்தது. அரசாங்க ஆலை. வந்ததும் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் கரும்பு ஆசை. கரும்பு பத்து, பன்னிரண்டு மாசம் நிலத்தில் நிற்கும், நிற்கும் மட்டும் தண்ணீர் கேட்கும். ஆலைக்குப் பதிவு செய்துவிட்டு வந்தவர்கள் அடுத்த வாரமே கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் டிராக்டர் கம்ப்ரசர் வந்தது.

முதல் நாள் அது என் மாமனார் கிணற்றுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிராக்டரின் முதுகில் கம்ப்ரசர், அதை டிராக்டர் எஞ்சினே ஓட்டும். கனமான ரப்பர் ஹோஸ் இரண்டு கிணற்றுக்குள் இறங்கின. முனையில் ஜாக்ஹாமர். உள்ளே இருக்கும் பிஸ்டனைக் காற்று மேலும் கீழும் தள்ள, அது நிமிஷத்துக்கு 2000 தடவை போலக் கம்பியின் தலையில் அடிக்கும். அடிக்கு அடி தானே திருப்பியும் விடும். கம்பியின் நடுவே ஓட்டை. அதன் வழியே கொஞ்சம் காற்று போய்க் குழியில் உள்ள மாவை வெளியே ஊதித் தள்ளிவிடும். அடிப்பவன், திருப்புகிறவன், வழித்தெடுப்பவன் மூவரும் ஒரே இரும்புக்குள் வந்துவிட்டார்கள். ஒரு நாளில் போடும் குழியை அரைமணியில் போட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. என் மாமனார், "இனி பாறை பயமில்லே" என்றார்.

எனக்கு அப்போது மோன் செனி பாடம் நினைவுக்கு வந்தது. அந்தச் சுரங்கத்தை 1857இல் ஆரம்பித்தார்கள். நீளம் சுமார் 13 கிலோமீட்டர். இவ்வளவு நீளத்தைக் கையால் குடைய 25 வருஷம் ஆகும் என்று கணக்கு. நீராவி எஞ்சினை உள்ளே கொண்டுபோனால் புகையில் ஆள் செத்துப் போவான். ஜெர்மேன் சோமெய்யே என்ற எஞ்சினீயர், மலையிலிருந்து விழும் தண்ணீரைக் கொண்டு வெளியிலேயே காற்றை அமுக்கி, குழாய் வழியே உள்ளே அனுப்பினார். 1861இல் இத்தாலிப் பக்கம் காற்றுத் துரப்பணம் வேலை தொடங்கியது, பிரான்சுப் பக்கம் 1863இல். 1870 டிசம்பரில் இரண்டு பக்கத்து ஆட்களும் நடுவே சந்தித்துவிட்டார்கள். மொத்தம் 13 வருஷம். வேலை செய்த காற்று வெளியேறும்போது உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுக் காற்றாகவும் ஆனது. கிணற்றிலும் அதே காரணம்தான். டீசல் எஞ்சினை ஆழக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டி, புகையில் மயங்கிச் செத்தவர்கள் உண்டு. கம்ப்ரசர் மேலே நிற்கும், காற்று மட்டும் இறங்கும்.

சோமெய்யே பாவம், 1871 ஜூலையில் இறந்துபோனார். முதல் ரயில் விடும் விழா செப்டம்பரில். அவர் பிறந்த சவோய் நாடு அப்போது பிரான்சில் இல்லை, 1860இல்தான் சேர்ந்தது. ஆனாலும் எங்கள் பாடத்தில் அவர் நல்ல பிரெஞ்சுக்காரர். கொடி மாறிய ஊர்க்காரனுக்கு இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது.

அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்துத்தான் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் என்பவருக்கு, காற்றைக் குழாயில் அனுப்பி ரயிலை நிறுத்தலாமே என்று தோன்றியது. 1869இல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று அரியலூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது 'புஸ்' என்று கேட்கிறதே, அது அந்தக் காற்றுதான். பாரீசில் நகரத்துக்கு அடியில் குழாய் போட்டு, அமுக்கிய காற்றால் கடிதங்களையே அனுப்பினார்கள். 'ப்னெ' என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து அங்கேயே தங்கிவிட்ட என் பெரியப்பா, காலையில் போட்ட கடிதம் மத்தியானத்துக்குள் கையில் வரும் என்று சொல்வார். 1984 வரை அது இருந்தது.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது.

ஜாக்ஹாமர் ஊதித் தள்ளுகிற மாவு எங்கே போகும்? கிணற்றுக்குள்தான். திறந்த வெளியில் காற்றடித்துக்கொண்டு போகும். அறுபதடிக் கிணற்றில் அது அங்கேயே சுழலும். மேலிருந்து பார்த்தால் கீழே வெள்ளைப் புகை. அதற்குள் இரண்டு ஆட்கள், முகத்தில் துண்டு. ஏறி வரும்போது புருவம், மீசை எல்லாம் நரைத்தவர்களாக வருவார்கள், குளித்தால் வயது குறையும். கண்ணுக்குத் தெரியும் தூசியால் அவ்வளவு கெடுதல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாறைப்பொடி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர், மருந்து கிடையாது. அமெரிக்கச் சுரங்கங்களில் இது 1890களிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் விடாத அந்தக் காற்றுத் துரப்பணத்துக்கு அங்கே தொழிலாளர்கள் வைத்த பெயர் 'விதவையாக்கி'. லெய்னர் என்பவர் கம்பியின் ஓட்டை வழியே காற்றோடு தண்ணீரையும் அனுப்பி, தூசியைச் சேறாக்கிவிடும் வழியைக் கண்டுபிடித்தார். எங்கள் பக்கக் கிணறுகளில் தண்ணீர் விட்டுத் துளை போட்டதை நான் பார்த்ததில்லை. தண்ணீர் கிடைக்கத்தானே வெட்டுகிறோம், அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள்.

மாமனார் கிணற்றில் ஜாக்ஹாமர் பிடித்த இருவரில் ஒருவர், ஏழெட்டு வருஷம் கழித்து நான் வேலை பார்த்த ஆபீசுக்கு மனுவோடு வந்தார். அடையாளம் தெரியவில்லை. அவர்தான், "எறையூர் மாப்பிள்ளை சார்தானே?" என்றார். படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்லே சார், தூசிதான்" என்றார். காசநோய் என்று இரண்டு தடவை மருந்து கொடுத்திருக்கிறார்கள், கேட்கவில்லை. வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டிருந்தார். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதியோர் தொகைக்கு வயது போதாது. ஊனமுற்றோர் தொகைக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. 'உரிய சான்று இணைக்கப்படவில்லை' என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டேன். விதிப்படி சரியான குறிப்புதான். எந்த டாக்டரிடம், என்ன சான்று, எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். தொழில் என்ற இடத்தில் கூலி என்பதை அடித்துவிட்டு, 'கிணற்றில் கம்ப்ரசர் துளை போடுபவர்' என்று எழுதச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மேஜையில் பைல்கள் நிறைய.

அடுத்த சித்திரையில் அவர் மனைவி வந்தார், ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு. அதில் நான் ஒரு கேள்வியும் எழுதவில்லை. தொகை வந்தது.

கம்ப்ரசர் நல்ல வேலையும் எவ்வளவோ செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எறையூர் ஆலையைப் போன்ற சர்க்கரை ஆலைகளில் கந்தகத்தை எரிக்க அமுக்கிய காற்று வேண்டும். அந்தக் கந்தகப் புகைதான் கரும்புச் சாற்றை வெளுக்க வைக்கிறது. டால்மியாபுரத்தில் 1939இல் வந்த ஆலை முதல், அரியலூரில் 1979இல் வந்த அரசு சிமெண்ட் ஆலை வரை, சிமெண்ட் மாவைக் குழாயில் ஓட வைப்பதும், லாரி டாங்கரிலிருந்து உயரத்துக்கு ஏற்றுவதும் காற்றே. எறையூருக்கு இப்போது சிப்காட் வந்திருக்கிறது, காலணித் தொழில் வந்திருக்கிறது. அதிலும் அழுத்துவதும் ஒட்டுவதும் காற்று. பல் டாக்டரிடம் போனால் காதைத் துளைக்கிறதே ஒரு சத்தம், நம் வயதுக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமானது, அந்த ஊசியும் காற்றில்தான் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுப் போல ஓடுகிறது.

இனி தண்ணீரை மேலே எடுத்த கதை. மேலே இருக்கும் மோட்டார் பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது காற்றை உறிஞ்சிவிட, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றுக்கு எடை உண்டு என்று நிரூபிக்க, பாஸ்கல் 1648இல் தன் மச்சானை பாதரசக் குழாயோடு மலை மேல் ஏற்றினார். (அவருக்கு உடம்புக்கு முடியாது, எந்த ஊரிலும் இதற்கு மச்சான்தான்.) அந்த வெளிக்காற்று கணக்குப்படி 34 அடிக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடி. அதனால்தான் கிணற்றுக்குள் பாதியில் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள், வருஷா வருஷம் இன்னும் கீழே.

கிணறு வற்றி, கிணற்றுக்குள்ளேயே போர் போட ஆரம்பித்ததும், கம்ப்ரசர் வேறு வேஷத்தில் வந்தது. போர் குழாய்க்குள் மெல்லிய காற்றுக் குழாயை விட்டு அடியில் காற்றை ஊதினால், தண்ணீர் குமிழியோடு கலந்து லேசாகி, தானே பொங்கி மேலே வரும். லோஷர் என்ற ஜெர்மன் சுரங்க எஞ்சினீயர் 1797லேயே கண்ட யுக்தி. கீழே சுழல்வதற்கு எதுவும் இல்லை. மணல் வந்தாலும், போர் கோணலாக இருந்தாலும், தண்ணீர் குறைவாக ஊறினாலும் கெட்டுப்போகாது. 'புஸ்... புஸ்...' என்று விட்டு விட்டு வரும், நம் எல்லோருக்கும் தெரிந்த கம்ப்ரசர் தண்ணீர். ஆனால் ஓட்டும் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு வேலை தேறினால் அதிகம். 1990 வாக்கில் விவசாயத்துக்குக் கரண்ட் முழுவதும் இலவசமான பிறகு அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால், எறையூரில் திசைக்கொன்றாக அந்தச் சத்தம் எழும். சின்ன வெங்காயம் பயிரான வருஷங்களில் விடிய விடியக் கேட்கும்.

அப்புறம் ரிக் லாரி. 1967இல் பீகார்ப் பஞ்சத்தின்போது யுனிசெப் கொண்டுவந்து இறக்கிய வகை. சுத்தியல் குழியின் அடிக்கே போய் அடிக்கும், காற்று அதை ஓட்டி, உடைந்த பொடியை மேலே வாரியும் கொடுக்கும். திருச்செங்கோட்டுக்காரர்கள் அதைத் தொழிலாகவே எடுத்து நாடெங்கும் கொண்டுபோனார்கள். அதில் இருப்பது பிஸ்டன் கம்ப்ரசர் இல்லை. இரண்டு முறுக்குத் திருகுகள் ஒன்றோடொன்று சுழன்று காற்றை நெருக்கிக்கொண்டே போகும் ஸ்க்ரூ வகை. டிராக்டர் கம்ப்ரசர் நூறு பவுண்டு என்றால் இது முந்நூறுக்கு மேல். நாலு கோடை வேலையை ஒரு ராத்திரியில் முடித்துவிடும். நிலத்தடி நீருக்கு 2003இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2013இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். இடைப்பட்ட வருஷங்களில் ரிக் லாரி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் பார்வையில், கம்ப்ரசர் எறையூருக்குத் தண்ணீர் கொண்டுவரவில்லை. இருந்த தண்ணீரைத் துரத்திக்கொண்டே கீழே போகக் கற்றுக்கொடுத்தது. மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "மாமா, அது இல்லேன்னா நாங்க எப்பவோ திருப்பூர் போயிருப்போம்" என்பான். அவன் சொல்வதிலும் பொய் இல்லை. அந்தக் கரும்பிலும் வெங்காயத்திலும்தான் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தான்.

போன தை மாசம் போயிருந்தபோது கிணற்றில் தண்ணீர் இல்லை. மச்சானின் மூன்றாவது போர் 600 அடியைத் தாண்டிவிட்டது, அதில் நீர்மூழ்கி மோட்டார். பழைய கம்ப்ரசர் தென்னை மரத்தடியில் தகரம் போட்டு மூடிக் கிடந்தது. டிராக்டர் டயருக்குக் காற்றடிக்க மட்டும் எடுப்பதாகச் சொன்னான். டாங்கி அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பார்த்தேன். துருத் தண்ணீர் ஒரு சொம்பு போல வந்தது. தினம் திறந்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.